கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பாட்டியின் படம்: எப்படி மீட்பது?

#1 நாணல்

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

எங்கள் பாட்டியின் இளவயதுப் படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கருப்பு வெள்ளை, நாலுக்கு ஆறு அங்குலம் இருக்கும். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய அப்பா நிற்கிறார், முன்னால் தம்பிகள் இரண்டு பேர். பல வருஷமாகச் சட்டத்துக்குள் இருந்த படம். சுவரில் ஈரம் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். இப்போது இறக்கிப் பார்த்தால் நிலைமை இதுதான்:

இடது கீழ் மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் மட்டும் நனைந்தது போலக் கருத்துப் பளபளக்கிறது. எப்போதோ நடுவில் மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு பாட்டியின் அப்பா முகத்தில் மூக்கை ஒட்டி இறங்கி, பாட்டியின் தோள் வரை வெள்ளைக் கோடாக ஓடுகிறது. மேலே பழுப்புக் கறை. வலது ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. பாட்டியின் அப்பா போட்டிருக்கும் கோட்டு உடுப்பின் கருப்பான பகுதியில், சாய்த்துப் பார்த்தால், நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் கண்ணாடியை விட்டு வந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். கை வரவில்லை. அதற்குள் அவசரப்பட்டுக் கைபேசியில் படம் எடுத்து, பழைய படங்களைச் சரிசெய்யும் ஒரு செயலியில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பளிச்சென்று வந்தது. சந்தோஷமாக அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. யாரு இது?" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. ஊறவைக்கலாமா, வேண்டாமா? எங்கிருந்து தொடங்குவது?

#2 இருட்டறை

நாணல், தண்ணீர் பக்கமே போகாதீர்கள். படம் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் தாங்கும். நீங்கள் நிதானமாக இருந்தால் போதும்.

முப்பது வருஷத்துக்கு மேல் இருட்டறையில் பிரிண்ட் போட்டவன் நான். அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகப் புரியும். அடியில் காகிதம். அதன்மேல் பேரியம் சல்ஃபேட் கலந்த வெள்ளைப் பூச்சு, பேரைட்டா என்போம். அதற்கும் மேல் ஜெலட்டின், அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளித் துகள்கள். நீங்கள் பார்க்கும் பாட்டி அந்த வெள்ளித் துகள்தான், காகிதம் இல்லை.

ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும், உப்பும், பிசுபிசுக்கும். அந்த நிலையில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், காயும்போது பசை போட்ட மாதிரி இறுகிவிடும். நடுவில் இருந்த காற்று போய்விடுவதால்தான் அந்த இடம் நனைந்தாற்போல் கருத்துத் தெரிகிறது. கத்தியோ நகமோ வைத்து நெம்பினால் காகிதம் கையோடு வரும், உருவம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

பிரிண்ட் நல்ல நிலையில் இருந்தால் தண்ணீரில் ஜெலட்டின் தாங்கும், நாங்களே மணிக்கணக்கில் அலசுவோம். பூஞ்சை பிடித்ததென்றால் கதை வேறு. பூஞ்சைக்கு ஜெலட்டின் தீனி. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரிலேயே கரையும் பொருளாக மாறிவிடும். ஊறவைத்தால் உருவம் சாயம் போல ஓடும். ஈரம் இறங்கிய சுவர் என்கிறீர்கள், பூஞ்சை இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி சொல்லவே முடியாது.

இப்போதைக்கு இரண்டு காரியம். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே படத்தைத் தட்டையாக, உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சூட்டில் காகிதம் ஒரு பக்கம் இழுக்கும், ஜெலட்டின் ஒரு பக்கம் இழுக்கும், ஒட்டாத பகுதியும் வெடிக்கும். அப்புறம் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், காகிதமா, வழவழப்பான பிளாஸ்டிக் போன்றதா?

#3 நாணல்

காகிதம்தான். பழுத்துப்போய் இருக்கிறது. இன்னொன்று, பின்னால் ஏதோ எழுதியிருக்கிறது! மங்கலாக, பென்சில் போல. இத்தனை வருஷமாகப் பின்பலகைக்குள் இருந்ததால் யாரும் பார்த்ததில்லை. இரண்டு எழுத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

#4 வெயில்காலம்

இருட்டறை ஐயா சொல்வதை மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காவின் கல்லூரிப் படம் இதே மாதிரி ஆல்பத் தாளோடு ஒட்டியிருந்தது. தண்ணீரில் போட்டேன், இருபது நிமிஷத்தில் அழகாகக் கழன்று வந்தது. காயவைத்தேன், இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. தண்ணீர் என்றாலே பயப்பட வேண்டியதில்லை.

#5 இருட்டறை

வெயில்காலம், அது கலர்ப் படமா?

#6 வெயில்காலம்

ஆமாம். 1985 வாக்கில் எடுத்தது.

#7 இருட்டறை

அதுதான் விஷயம். உங்கள் அக்கா படம் ஆர்சி பேப்பர். காகிதத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கும், தண்ணீர் உள்ளே போகாது. 1970களில் அது பரவலானது. உங்கள் படத்தில் பூஞ்சையும் இருந்திருக்காது. நல்லபடியாக வந்ததில் எனக்கும் சந்தோஷம்.

நாணலின் படம் வெறும் காகிதத்தில் போட்டது. காகிதமே தண்ணீர் குடித்து விரியும். அதுவும் கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் இறுகியிருக்கிறது, மிச்சம் விரிந்தால் அந்த எல்லைக் கோட்டில் கிழியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்தில் கன்னத்துக்கும் உதட்டுக்கும் கையால் வண்ணம் தீட்டித் தருவார்கள், சிலசமயம் கருப்பு வெள்ளையிலேயே கண்ணையும் புருவத்தையும் மையால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த மை தண்ணீரில் போனால் போனதுதான்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் அது காகிதப் பொருள்களைப் பாதுகாக்கும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்களே கூட, "கண்ணாடியோடு இருக்கட்டும்" என்று திருப்பி அனுப்புவது உண்டு.

#8 வெயில்காலம்

சரி, ஐயா. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. நாணல், என் பேச்சைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள்.

#9 சாய்வொளி

ஆவணங்களைப் படமெடுப்பது என் தொழில். பிரதி எடுக்கும் பகுதியை நான் சொல்கிறேன். நாணலின் கைபேசிப் படத்தைச் செயலி கெடுத்தது ஒரு பக்கம், அது கையில் வாங்கிய படமே பலவீனம் என்பது இன்னொரு பக்கம்.

படம் கண்ணாடிக்குள் இருப்பதால் ஸ்கேனரில் ஒரு சிக்கல் வரும். மெலிதான, எடை குறைந்த ஸ்கேனர்களில் சிஐஎஸ் சென்ஸார் இருக்கும். அதற்குத் தன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள்தான் தெளிவாகத் தெரியும். உங்கள் படமோ சட்டக் கண்ணாடியின் கனம் அளவுக்கு மேலே தூக்கி நிற்கும், மங்கிவிடும். சிசிடி வகை ஸ்கேனர் இந்த உயரத்தைச் சமாளிக்கும். ஆனால் இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது எண்ணெய்ப் படலம் போல வட்ட வட்டமாக வானவில் கோடுகள் விழலாம், நியூட்டன் வளையங்கள் என்பார்கள். அதனால் உங்கள் படத்துக்குக் கேமராதான் சரி.

படத்தை மேஜையில் கிடத்துங்கள். கேமராவை முக்காலியில் மாட்டி நேர் கீழே பார்க்க வையுங்கள். லென்ஸும் படமும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி: படத்தின் நடுவில் சிறு முகக்கண்ணாடியை வையுங்கள். வியூஃபைண்டரின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் விழுந்தால் நேராக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, 45 டிகிரி சாய்வில். அறையில் வேறு வெளிச்சம் கூடாது. கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கருப்புத் துணியால் மூடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் அதன் நிழல் பாட்டியின் மடியில் உட்காரும்.

அந்த வெள்ளி மினுமினுப்புக்குத் தனி வைத்தியம். இத்தனை வருஷத்தில் வெள்ளி அயனிகளாகி மேற்பரப்புக்கு ஏறி வந்து, அங்கே மறுபடி வெள்ளியாகப் படிந்திருக்கிறது. நிஜமாகவே உலோகக் கண்ணாடி, அதனால் விளக்கைப் பிரதிபலிக்கும். இரண்டு விளக்குக்கும் முன்னால் போலரைசிங் தாளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) ஒரே திசையில் வைத்து, லென்ஸில் போலரைசிங் ஃபில்டரை மாட்டித் திருப்பிக்கொண்டே வாருங்கள். 90 டிகிரி குறுக்காக வரும் இடத்தில் மினுமினுப்பு அணைந்து, அடியில் இருக்கும் கருப்பு எழுந்து வரும். சட்டக் கண்ணாடியின் பளபளப்பும் அதோடு போய்விடும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், சொல்லிவைக்கிறேன்.

ரா வடிவத்தில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவத்தில், எடுங்கள். பிறகு தரம் தேயாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக, 16 பிட்டில் மாற்றுங்கள். மங்கிப்போன படத்தில் கருப்பும் வெள்ளையும் நெருங்கி வந்து, மொத்த வீச்சில் மூன்றில் ஒரு பங்குக்குள் சுருங்கியிருக்கும். 8 பிட்டில் மொத்தமே 256 படிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 85 சொச்சம். அதை இழுத்து விரித்தால் கன்னத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். 16 பிட்டில் அந்தக் கஷ்டம் இல்லை.

பின்பக்க எழுத்துக்கு: ஒரே ஒரு விளக்கு, தாளோடு தாளாக மிகத் தாழ்வாக, பக்கவாட்டில். பென்சில் அழிந்திருந்தாலும் அழுத்திய பள்ளம் இருக்கும். விளக்கை நாலு திசையில் மாற்றி நாலு படம் எடுங்கள்.

#10 நாணல்

நண்பர் ஒருவரிடம் கேமராவும் ஃபில்டரும் இரவல் வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து எடுத்துவிட்டேன். சாய்வொளி, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. ஃபில்டரைத் திருப்பத் திருப்ப கோட்டின் மேல் இருந்த வெள்ளித் திரை விலகி, உள்ளே பொத்தான்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்று பொத்தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், நாலாவது இருக்கிறது. பாதி அறுந்து நூலில் தொங்குகிறது. படம் எடுக்கப் போகிற அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை போல. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் தாத்தாவை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்றார்.

பின்பக்கத்தில் பாதி படித்துவிட்டோம். "இடமிருந்து" என்று தொடங்குகிறது.

இனி கணினி வேலை. படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருள் கொஞ்சம் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது? கறையா, மடிப்பா, முகமா?

#11 கோட்டோவியம்

முகம் கடைசி. கை பழகிய பிறகுதான் முகத்தைத் தொட வேண்டும்.

மூலக் கோப்பைப் பூட்டிவைத்துவிட்டு ஒரு பிரதியில் வேலை செய்யுங்கள். அந்தப் பிரதியிலும் அடியில் இருக்கும் அடுக்கை, லேயர் என்பார்கள், தொடாதீர்கள். மேலே வெற்று லேயர் போட்டு, திருத்தம் எல்லாம் அதில். நாளைக்கு "இது படத்தில் இருந்ததா, நாம் வரைந்ததா" என்று சந்தேகம் வந்தால் லேயரை அணைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கறைக்கு ஒரு லேயர், மடிப்புக்கு ஒன்று, முகங்களுக்குத் தனித்தனி.

கறையில் தொடங்குங்கள். கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் எடுத்திருப்பீர்கள், அதில்தான் லாபம். சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல்களைத் தனித்தனியே திறந்து பாருங்கள். பழுப்புக் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். அதனால் நீலச் சேனலில் கறை கன்னங்கரேல் என்று இருக்கும், சிவப்புச் சேனலில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஒரு தூரிகையும் எடுக்காமல் பாதி வேலை முடிந்துவிடும். உருவமே மஞ்சளித்து மங்கியிருந்தால் நேர் எதிர், அங்கே நீலச் சேனலில்தான் விவரம் அதிகம் நிற்கும். எனவே முழுப் படத்துக்கும் ஒரே சேனல் என்று முடிவு செய்யாதீர்கள். கறை உள்ள மேல்பகுதிக்குச் சிவப்பு, மங்கிய பகுதிக்கு நீலம், இரண்டையும் மாஸ்க் (வேண்டிய இடத்தை மட்டும் காட்டும் மறைப்பு) போட்டுச் சேருங்கள்.

அப்புறம் மடிப்பு. வெள்ளையாகத் தெரிகிறதே, அங்கே ஜெலட்டின் உதிர்ந்து அடியிலுள்ள வெள்ளைப் பூச்சு தெரிகிறது. அந்தக் கோட்டுக்குள் எந்தத் தகவலும் இல்லை. ஆனால் கோடு எவ்வளவு அகலம்? அரை மில்லிமீட்டர் இருக்குமா? 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் எடுத்திருந்தால் அது 24 பிக்ஸல்தான். இரண்டு கரையும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, நடுவில் சின்னப் பாலம் போட்டால் போதும்.

பக்கத்து இடத்தோடு கலந்து ஒட்டும் ஹீலிங் பிரஷ் சமமான இடத்துக்கு நல்லது. சுவர், தரை, கன்னத்தின் பரப்பு. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில், உதாரணமாகக் கோட்டு உடுப்பின் விளிம்பில், அது இரண்டையும் கலக்கி அழுக்காக்கிவிடும். அங்கே ஓர் இடத்தை அப்படியே நகலெடுக்கும் குளோன் கருவி, சின்ன முனை, விளிம்பின் திசையிலேயே. ஒரே இழுப்பில் இழுக்காமல் புள்ளி புள்ளியாக வையுங்கள்.

மூக்கை ஒட்டிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே நிழல் மென்மையாகத் திரும்புகிறது. இடப்பக்கத்திலிருந்து எடுத்தால் மூக்கு வீங்கும், வலப்பக்கத்திலிருந்து எடுத்தால் மெலியும். நான் செய்வது: மடிப்புக் கோட்டின் பாதி அகலத்தை இடக் கரையிலிருந்தும் மறுபாதியை வலக் கரையிலிருந்தும் கொண்டுவந்து நடுவில் சந்திக்க வைப்பேன். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். திருப்பிப் பார்த்தால் பிழை உடனே கண்ணில் குத்தும். கடைசியாக, திருத்திய இடங்கள் மெழுகு போல வழுவழுவென்று இருக்கும், சுற்றியுள்ள மணல் பரப்பு அங்கே இருக்காது. திருத்திய லேயர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிறமற்ற இரைச்சல், அதாவது பொடிப்பொடியான சாம்பல் புள்ளிகள், சேருங்கள்.

தேடித்தேடி எல்லாப் புள்ளியையும் துடைக்காதீர்கள். நூறு சதவீத அளவில் கண்ணை உறுத்தாததை விட்டுவிடுங்கள்.

#12 மூன்றாம்படி

இவ்வளவு நாள் செலவழிக்க வேண்டுமா என்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாணல் பயன்படுத்திய செயலி சரியில்லாமல் இருக்கலாம். ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற, முகங்களைச் சரிசெய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் அப்பாவுக்கு அவருடைய அண்ணன் படத்தை அப்படித்தான் சரிசெய்து கொடுத்தேன். கிழிந்த படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று அலமாரியில் போட்டு வைத்திருந்தவர், புதுப்படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அவருக்கு 84 வயது. நான் ஆறு மாதம் தூரிகை பிடித்துக் கற்றுக்கொண்டு வரும்வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#13 கோட்டோவியம்

நீங்கள் செய்தது சரி. உங்கள் அப்பாவிடம் நேரம் இல்லை, கொடுத்தீர்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை நாணல் தெரிந்துகொண்டு தீர்மானிக்கட்டும். 2021இல் வந்த ஜிஎஃப்பிகேன், முகம் எப்படி இருக்கும் என்பதை எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பிலிருந்து கற்றது. என்விடியா 2019இல் வெளியிட்ட தொகுப்பு அது, ஃபிளிக்கரில் மக்கள் ஏற்றிய படங்களிலிருந்து எடுத்த 70,000 முகங்கள். நம் கையில் இருக்கும் மங்கிய முகத்தை அந்தக் கருவி துடைப்பதில்லை. அதற்குத் தெரிந்த முகங்களிலிருந்து, இதற்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைப் புதிதாக வரைகிறது. வரைந்த கண்ணிமை ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். அது பாட்டியின் இமை இல்லை.

கோட்ஃபார்மரில் ஒரு அளவுகோல் உண்டு, 0 முதல் 1 வரை. 0 பக்கம் தள்ளினால் அழகு கூடும், 1 பக்கம் தள்ளினால் மூலத்துக்கு நெருக்கம் கூடும். பயன்படுத்துவதானால் 1 பக்கமே நில்லுங்கள். இன்னொன்று, அதன் வெளியீட்டைத் தனி லேயராக வைத்து, முகம் அல்லாத இடங்களுக்கு மட்டும் மாஸ்க் வழியே எடுத்துக்கொள்ளலாம். சுவர், தரை, நாற்காலிக் கால் இவற்றில் இயந்திரம் கற்பனை செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வண்ணம் சேர்ப்பதும் இப்படித்தான். 2018இல் கருப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாக வண்ணம் சேர்க்கும் டீஓல்டிஃபை வந்ததிலிருந்து எல்லோருக்கும் அந்த ஆசை. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. சிவப்புச் சட்டை ஏறத்தாழ கருப்பாக விழும், நீலச் சட்டை வெளுத்து விழும். உதடும் தோலில் உள்ள செம்புள்ளிகளும் இருண்டு தெரியும். சாம்பல் நிறத்தை மட்டும் பார்த்து உடுப்பின் நிறத்தைச் சொல்ல வழியே இல்லை. சரியான நிறம் நினைவிருக்கிற ஒரு ஆள் வீட்டில் இருந்தால் ஒழிய, நான் வண்ணம் சேர்க்கமாட்டேன்.

#14 மூன்றாம்படி

70,000 முகங்கள் விஷயம் எனக்குப் புதிது. அப்பா வைத்திருக்கும் படத்தை நேற்று ராத்திரி மூலத்தோடு வைத்துப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு மேல் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், பேசும்போது இன்னும் தெரியும். புதுப்படத்தில் அது நேராகிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் மூலப்படத்தையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, எது எது என்று எழுதிவிட்டேன். என் பிள்ளைகள் புதுப்படத்தை நிஜம் என்று நினைத்துவிடக் கூடாது.

#15 நாணல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கறை நீங்கிவிட்டது, சிவப்புச் சேனல் என்பது மந்திரம் போல வேலை செய்தது. மடிப்பை எடுக்கப் பதினொரு ராத்திரி ஆனது. மூக்குக்கு மட்டும் மூன்று.

முகத்துக்கு வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பாட்டியின் இடது புருவத்தில், நடுவுக்குச் சற்று வெளியே, ஒரு வெள்ளைக் கீறல். படத்தில் அங்கங்கே இருக்கும் கீறல்கள் மாதிரியேதான் தெரிந்தது. ஹீலிங் பிரஷை எடுத்து ஒரு தடவை வைத்துவிட்டேன், போய்விட்டது. புருவம் முழுசாக அழகாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஐயோ, அதை ஏன் எடுத்தே?" என்றார்.

அது கீறல் இல்லையாம், தழும்பு. பாட்டி ஏழு வயதில் கதவு நிலையில் மோதிக்கொண்டதில் வந்தது. அந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூக்கம் வருகிறவரை அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே படுத்திருப்பாராம். எனக்கு இது இதுவரை தெரியாது. நான் பிறந்தபோது பாட்டி இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தோம். மற்றக் கீறல்கள் எல்லாம் ஒரே வெள்ளையில், கூரான விளிம்போடு, எது குறுக்கே வந்தாலும் அதன்மேல் ஏறி ஓடுகின்றன. இது ஓடவில்லை. புருவத்தின் மேல்விளிம்பில் தொடங்கிக் கீழ்விளிம்பில் முடிகிறது. அதன் நடுவில் தோலின் சாம்பல் நிறம் இருக்கிறது, ஓரத்தில் மெல்லிய நிழல் கூட இருக்கிறது. நான் முதலில் செயலியில் போட்டு எடுத்த படத்தை மறுபடி திறந்தேன். அதில் புருவம் முழுசாக, சீப்பு வாரினாற்போல இருக்கிறது. அம்மா யாரென்று கேட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

லேயரை அணைத்தேன். தழும்பு திரும்பி வந்தது. கோட்டோவியம், தனி லேயரில் செய்யச் சொன்னதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் முறையை மாற்றிக்கொண்டோம். முகங்களில் எதைத் தொடுவதற்கு முன்னும் அம்மாவைக் கேட்பேன். "இது?" "அது படத்துல விழுந்த கோடு, எடு." "இது?" "தெரியல, விட்டுடு." தெரியாததை எல்லாம் விட்டுவிட்டோம்.

ஒட்டிய மூலையில் சின்னத் தம்பியின் வலது பாதம் இருக்கிறது. உருவம் மங்கல்தான். இடது பாதத்தைத் திருப்பி ஒட்டிவிடலாம் என்று தோன்றியது, செய்யவில்லை. பூச்சி அரித்த ஓரத்தில் வெறும் சுவர் என்பதால் அதை மட்டும் நிரப்பினேன்.

#16 கோட்டோவியம்

நாணல், அந்தத் தழும்பையும் கீறலையும் பிரித்துப் பார்க்க நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான் எத்தனை பேருடைய தழும்பைத் துடைத்திருப்பேனோ தெரியவில்லை. இனிமேல் யார் படம் கொண்டுவந்தாலும் அந்த மனிதரைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லப்போகிறேன்.

#17 சாய்வொளி

பின்பக்க எழுத்து என்ன ஆயிற்று?

#18 நாணல்

நாலு திசையில் எடுத்த படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் படித்துவிட்டோம். "இடமிருந்து" என்று போட்டு நாலு பெயர்கள். பெரியவர் பெயர், பாட்டி பெயர், தம்பிகள் பெயர். கையெழுத்து பாட்டியுடையது என்கிறார் அம்மா. தன் பெயருக்கு நேராக "நான்" என்றும் எழுதியிருக்கிறார்.

மூலப்படத்தை இனி எப்படி வைப்பது? கண்ணாடியைக் கழற்றப் போவதில்லை.

#19 இருட்டறை

நல்ல முடிவு. கண்ணாடியோடு தட்டையாகவே, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்குமாறு, ஆசிட் இல்லாத அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். மேலே எதையும் அடுக்கக்கூடாது. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் அறை நல்லது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், பரணும் வேண்டாம். புகைப்படத்துக்கான உறை வாங்கும்போது உறை புகைப்படத்தைக் கெடுக்காது என்று காட்டும் பிஏடி சோதனை தேறியதா என்று பாருங்கள், ஐஎஸ்ஓ 18916 என்று போட்டிருக்கும். பிளாஸ்டிக் என்றால் பாலிஎஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீன். பிவிசி வாசனை அடிக்கும் உறையைத் தொடாதீர்கள். லேமினேஷன் என்ற பேச்சே கூடாது.

சுவரில் மாட்டப்போவது புதுப் பிரிண்ட்தானே? அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டையைச் சுற்றிலும் வைத்தால் படம் கண்ணாடியைத் தொடாது. உங்கள் பாட்டி படத்துக்கு அன்றைக்கு அந்த ஒரு அட்டை இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

#20 மூன்றாம்படி

கோப்புகளுக்கும் சொல்லிவிடுகிறேன். டிஃப் கோப்பு, லேயர்களோடு கூடிய கோப்பு, அச்சுக்கான பிரதி என்று மூன்றும் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும், அதில் வேலை செய்யாதீர்கள். அந்த நாலு பெயரையும் கோப்பின் விவரக் குறிப்புக்குள்ளேயே எழுதுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது கூடவே போகும்.

#21 நாணல்

எழுதிவிட்டேன். அட்டை வைத்துப் பிரிண்டும் மாட்டியாயிற்று. தம்பிகளில் சின்னவருடைய மகன் வேறு ஊரில் இருக்கிறார், அவருக்கு ஒரு பிரதி அனுப்பினோம். தன் அப்பாவின் குழந்தைப் பருவப் படத்தை அவர் பார்த்ததே இல்லையாம். அந்த மங்கல் பாதத்தைப் பற்றிக் கேட்டார். ஒட்டிய இடம், அதனால் விட்டுவைத்தோம் என்றேன். அப்பாவுக்கு அந்தக் காலில் ஆறு விரல் என்றார்.

சாய்வொளி, ஒட்டிய மூலையை மட்டும் இன்னும் கிட்டத்தில், வேறு வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறதா?

#22 சாய்வொளி

இருக்கிறது. மேக்ரோ லென்ஸ் கிடைத்தால் அந்த மூலையை மட்டும் ஆறேழு துண்டாக எடுங்கள். போலரைசர் அப்படியே இருக்கட்டும், வெளிச்சத்தை ஒவ்வொரு துண்டுக்கும் அரை ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அளவில் அரைப் படி) கூட்டியும் குறைத்தும் எடுங்கள். ஒட்டிய இடம் சுற்றுப்புறத்தைவிட இருட்டாக விழும் என்பதால், கூடுதல் வெளிச்சத்தில் எடுத்ததில்தான் ஏதாவது தெரியும். எடுத்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.